உங்களுக்குத் தெரியுமா? எச்.டி.எல். பார்க்கும் இன்னொரு வேலை

லிப்பிட் ப்ரொஃபைல் ரிப்போர்ட்டில் ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று ஒரு வரி வருமே, அதில் இருக்கும் கொலஸ்ட்ராலும் ‘கெட்ட’ வரியில் இருக்கும் கொலஸ்ட்ராலும் ஒரே மூலக்கூறுதான். சுமந்து போகும் துகள்தான் வேறு: ‘நல்ல’ வரிக்கு எச்.டி.எல்., ‘கெட்ட’ வரிக்கு எல்.டி.எல். எச்.டி.எல். துகளின் அகலம் 7 முதல் 12 நானோமீட்டர். ஒரு சிவப்பணுவின் குறுக்கே வரிசையாக நிறுத்தினால் அறுநூறு முதல் ஆயிரம் துகள் வரை நிற்கும். இத்தனை சின்ன உருண்டையில் எண்பதுக்கும் மேற்பட்ட வகைப் புரதங்கள் ஏறி இறங்குவதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். கொழுப்போடு சம்பந்தப்பட்டவை அவற்றில் ஒரு பகுதிதான். மற்றவை கிருமி எதிர்ப்பு, ரத்தம் உறைதல், அழற்சி என்று வேறு இலாக்காக்களைச் சேர்ந்தவை. இதயத்துக்கு நல்லது என்ற அளவில் மட்டும் நாம் தெரிந்துவைத்திருக்கும் இந்தத் துகளுக்கு நோய் எதிர்ப்புச் செல்களோடும் நெருங்கிய கொடுக்கல் வாங்கல் உண்டு. இந்த முறை பத்தி முழுக்க அதைப் பற்றித்தான்.

✽

எச்.டி.எல்., எல்.டி.எல். என்று துகள்களைப் பிரித்துப் பார்க்க வழிசெய்தவர்களில் முக்கியமானவர் ஜான் கோஃப்மன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்காகப் புளூட்டோனியம் பிரித்துக் கொடுத்தவர். போர் முடிந்ததும் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், அதிவேகமாகச் சுழலும் அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்தில் ரத்தத் தெளிநீரைச் சுழற்றி, மிதப்பதையும் தாழ்வதையும் வைத்துக் கொழுப்புத் துகள்களை வகைபிரித்தார். 1950-இல் முடிவுகள் வெளிவந்தன. புரதம் கூடுதலாக இருப்பதால் எச்.டி.எல்.லுக்கு அடர்த்தி அதிகம். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் டேவிட் பார் என்ற மருத்துவர், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இந்த அடர்த்தியான வகை குறைவாக இருப்பதைக் கவனித்து எழுதினார். ஆனால் கெட்டதைத் துரத்துவதிலேயே எல்லோரும் மும்முரமாக இருந்த காலம் அது. 1977-இல் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு அதையே சொன்ன பிறகுதான் ஊர் உலகம் காது கொடுத்தது.

✽

இனி கதையின் இன்னொரு பாத்திரம். 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில், வீட்டார் எல்லோரும் சர்க்கஸில் பழக்கிய குரங்குகளைப் பார்க்கப் போயிருந்த நேரம். இலியா மெச்னிகோவ் மட்டும் மைக்ராஸ்கோப்போடு தனியாக இருந்தார். கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை பார்த்தால், நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அன்னியப் பொருளை விழுங்கும் செல்கள் என்ற கருத்து அங்கேதான் பிறந்தது. 1908-இல் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மேக்ரோஃபேஜ் என்று இன்று நாம் சொல்லும் செல் அந்த விழுங்கும் கூட்டத்தில் ஒன்று.

✽

கிருமியை விழுங்குவதற்கென்று இருக்கும் மேக்ரோஃபேஜ், ரத்தக்குழாய்ச் சுவரில் சிக்கிக் கெட்டுப்போன எல்.டி.எல்.லையும் விழுங்குகிறது. போதும் என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. சாதாரண எல்.டி.எல்.லை உள்ளே விடும் ஏற்பி, செல்லுக்குள் கொலஸ்ட்ரால் நிறைந்ததும் கதவை மூடிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் கிடைத்தது. ஆனால் ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல். நுழைவது வேறு ஏற்பிகள் வழியாக. அவற்றுக்கு மூடும் வழக்கமில்லை. தின்று தின்று உப்பிய செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே கொழுப்புத் துளிகள் நிறைந்து நுரை நுரையாகத் தெரியும். பெயரும் நுரைச் செல்தான். ரஷ்யாவின் நிகோலாய் அனிச்கோவ் 1913-இலேயே முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்து, ரத்தக்குழாயில் இந்தச் செல்கள் சேர்வதைக் காட்டிவிட்டார்.

✽

நுரைச் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் அளவு மீறினால் படிகமாக உறைகிறது. ஊசி ஊசியாக, தட்டுத் தட்டாக. 2010-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, இந்தப் படிகங்கள் செல்லுக்குள் இருக்கும் செரிமானப் பைகளைச் சிதைப்பதையும், அது என்.எல்.ஆர்.பி.3 என்ற அபாய அமைப்பை முடுக்கிவிடுவதையும் காட்டியது. அப்போது வெளியாகும் இன்டர்லூக்கின் 1 பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம், அழற்சிக்கு எண்ணெய் ஊற்றும் ஆசாமி. மூட்டில் யூரிக் அமிலப் படிகம் சேர்ந்து வரும் கவுட் வலியிலும் இதே அமைப்புதான் வேலை செய்கிறது. கட்டைவிரலில் கவுட் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், படிகம் என்ன பாடு படுத்தும் என்று சொல்வார்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் அதே அழற்சி சத்தமில்லாமல் நடப்பதால்தான் நமக்குத் தெரிவதில்லை.

✽

நம் உடம்பின் பெரும்பாலான செல்களுக்குக் கொலஸ்ட்ராலை உடைத்து எரிக்கத் தெரியாது. வெளியே அனுப்பித்தான் தீர வேண்டும். ஏ.பி.சி.ஏ.1, ஏ.பி.சி.ஜி.1 என்ற இரண்டு புரதங்கள் மேக்ரோஃபேஜின் மேலுறையில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கின்றன. வெளியே தள்ளும் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ள யாராவது இருக்க வேண்டுமே? எச்.டி.எல்.லும், அதன் முதன்மைப் புரதமான ஏப்போ ஏ1-உம் வந்து நிற்கின்றன. வாங்கிய சரக்கு கல்லீரலுக்குப் போய், பித்தநீரில் கலந்து வெளியேறுகிறது.

✽

இந்த வாசல் அடைபட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், நண்டுபிடிப்புக்குப் பேர்போன டான்ஜியர் என்ற குட்டித் தீவு இருக்கிறது. 1960 வாக்கில் அங்கிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு டான்சில் அறுவை செய்தார்கள். எடுத்த டான்சில் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அக்காவின் வாயைத் திறந்து பார்த்தால் அவளுக்கும் அதே நிறம். தேசிய சுகாதார நிறுவனத்தின் டொனால்ட் ஃப்ரெட்ரிக்சன் ரத்தத்தைச் சோதித்தபோது எச்.டி.எல். ஏறக்குறைய இல்லவே இல்லை. டான்சில் நிறைய மேக்ரோஃபேஜ்கள், அவற்றில் வெளியேற வழியில்லாத கொலஸ்ட்ரால், அதோடு சேர்ந்து தங்கிய காய்கறி நிறமிகள். ஆரஞ்சுக்குக் காரணம் அதுதான். நோய்க்கு அந்தத் தீவின் பெயரையே வைத்தார்கள். பழுதான மரபணு ஏ.பி.சி.ஏ.1 என்று கண்டுபிடிக்க 1999 வரை ஆயிற்று. ஒரு குழந்தையின் தொண்டைக்குள் எட்டிப் பார்த்ததில் தொடங்கி, கொலஸ்ட்ரால் எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்பது வரை போன கதை இது. மருத்துவத்தில் எனக்குப் பிடித்த துப்பறியும் கதைகளில் முதல் வரிசையில் இதை வைப்பேன்.

✽

சரி, கொலஸ்ட்ரால் வெளியேறுவதற்கும் அழற்சி அடங்குவதற்கும் என்ன தொடர்பு?

மேக்ரோஃபேஜின் மேலுறையில் கொலஸ்ட்ரால் செறிந்த திட்டுகள் இருக்கின்றன. கிருமியை மோப்பம் பிடிக்கும் டோல் ஏற்பிகள் இந்தத் திட்டுகளில் கூடித்தான் அபாயச் செய்தியை உள்ளே அனுப்புகின்றன. திட்டு தடித்தால் ஏற்பிகள் அதிகம் கூடும். சின்ன தூண்டலுக்கும் பெரிய கூச்சல் கிளம்பும். ஏ.பி.சி.ஏ.1, ஏ.பி.சி.ஜி.1 இரண்டும் இல்லாத எலிகளின் மேக்ரோஃபேஜ்கள் அப்படித்தான் தாம்தூம் என்று குதித்தன. எச்.டி.எல். வந்து கொலஸ்ட்ராலை வாங்கிப் போனால் திட்டு மெலிகிறது, ஏற்பிகள் கலைகின்றன. இது முதல் வழி.

✽

இரண்டாவது வழி இன்னும் உள்ளே, செல்லின் உட்கருவில் நடக்கிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ஐக்கே லாட்ஸ் தலைமையிலான குழு இதைத் தேடிப் பிடித்தது. டொமினிக் டி நார்டோ, லாரிஸா லப்ஜின் ஆகியோர் முன்னணியில் நின்ற அந்த ஆய்வு 2014-இல் ‘நேச்சர் இம்யூனாலஜி’யில் வெளியானது.

அவர்கள் மேக்ரோஃபேஜ்களுக்கு முதலில் எச்.டி.எல். கொடுத்தார்கள். சில மணி நேரம் கழித்து, கிருமி வந்துவிட்டது என்று ஏமாற்றும் தூண்டுபொருளைச் சேர்த்தார்கள். வழக்கமாகக் கொட்டித் தீர்க்கும் அழற்சிப் புரதங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. எச்.டி.எல். அந்த மரபணுக்களையே அடக்குகிறது என்று தெரிந்தது. ஆனால் எதைக் கொண்டு? எச்.டி.எல். பட்டதும் எந்தெந்த மரபணு கூடுகிறது, எது குறைகிறது என்று ஆயிரக்கணக்கில் அலசியதில் ஒரு பெயர் மேலே வந்தது: ஏ.டி.எஃப்.3.

டோல் ஏற்பிகளின் ஆட்டத்தை அடக்கும் புரதம் என்று 2006-லேயே அமெரிக்காவின் சியாட்டிலில் இதை அடையாளம் கண்டிருந்தார்கள். டி.என்.ஏ.வில் அழற்சி மரபணுக்களின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்து, அவற்றைப் படிக்கும் வேகத்தைக் குறைக்கும். கோவில் திருவிழாவில் மைக்செட்காரர் குழாயைக் கழற்றாமல் ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை மட்டும் குறைத்து வைப்பாரே, அந்த மாதிரி. பாட்டு ஓடுகிறது, காது கிழிவதில்லை.

உறுதிப்படுத்த ஏ.டி.எஃப்.3 மரபணு நீக்கிய எலிகளை எடுத்தார்கள். சாதாரண எலிக்கு எச்.டி.எல். ஊசி போட்டுவிட்டுத் தூண்டினால் ரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் அடங்கியே இருந்தன. ஏ.டி.எஃப்.3 இல்லாத எலியில் அந்தப் பாதுகாப்பு எடுபடவில்லை. காயப்பட்ட கழுத்துத் தமனியின் உட்படலம் ஆறுவதிலும் இதே வித்தியாசம் தெரிந்தது. நல்ல கொலஸ்ட்ரால் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவந்த நன்மைக்கு, பெயர் சொல்லிக் கூப்பிடும்படி ஒரு மூலக்கூறு கிடைத்தது இங்கேதான்.

✽

அதோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. 2017-இல் ‘செல் மெட்டபாலிசம்’ இதழில் வந்த ஆய்வு, எச்.டி.எல். மேக்ரோஃபேஜிலிருந்து கொலஸ்ட்ராலை மிதமிஞ்சி உறிஞ்சினால் அழற்சி கூடவும் செய்கிறது என்றது. ஏற்கெனவே கொலஸ்ட்ரால் அளவாக இருக்கும் செல்லில் மேலும் பிடுங்கினால் அது நெருக்கடியாகிறது. இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு குழு, கொழுப்பு நிறைந்த ரத்தக்குழாய்ப் படிவில் இருக்கும் செல்களைப் பொறுத்தவரை அடக்கும் குணமே மேலோங்குகிறது என்று எலிகளில் காட்டியது. தின்று உப்பிய செல்லுக்கு நன்மை, பட்டினிச் செல்லுக்குத் தொல்லை என்று இப்போதைக்குப் புரிந்துகொள்ளலாம்.

✽

எலி, எலி என்று படித்துக்கொண்டே வருகிறீர்கள். ஒரு விஷயம்: எலியின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி எச்.டி.எல்.லில்தான் இருக்கிறது, நமக்கோ எல்.டி.எல்.லில். துகள்களுக்கிடையே கொழுப்பைக் கைமாற்றும் சி.இ.டி.பி. என்ற புரதம் எலிக்கு இல்லை. சாதாரண எலிக்கு மாரடைப்பு நோய் வருவதில்லை. மரபணுவை மாற்றித்தான் வரவழைக்க வேண்டும். எலி முடிவை அப்படியே நம் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் இருக்க இது போதும்.

✽

மனிதர்களில் பார்த்ததில்லையா? பார்த்திருக்கிறார்கள். 1996-இல் வெளியான டச்சு ஆய்வில் எட்டு ஆரோக்கியமான ஆண்கள் மனமுவந்து கையை நீட்டினார்கள். அவர்களுக்கு ஏற்றியது பாக்டீரியாவின் மேலோட்டு நஞ்சான எண்டோடாக்சின், அளந்து வைத்த மிகச் சிறு அளவில். வழக்கமாக அது குளிர், தலைவலி, உடம்புவலி, குமட்டல் என்று ஃப்ளூ மாதிரி போட்டுப் பார்க்கும். ஒரு முறை முன்னதாக எச்.டி.எல். ஏற்றினார்கள், இன்னொரு முறை வெறும் போலி மருந்து. எச்.டி.எல். ஏறிய முறை அவதி குறைந்தது, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் புரதங்களும் தணிந்திருந்தன. எச்.டி.எல். அந்த நஞ்சை நேரடியாகவே தன்னோடு ஒட்டிக்கொள்ளும் என்பது இதற்கு ஒரு காரணம்.

✽

ஆப்பிரிக்கத் தூக்க நோய் ஒட்டுண்ணியின் உறவுக்கார டிரிப்பனோசோம் இனங்கள் பலவற்றை மனித ரத்தம் தானே கொன்றுவிடும். 1902-லேயே லாவெரான் இதைக் கவனித்தார். கொல்லும் பொருள் எச்.டி.எல்.லில் இருப்பது 1978-இல் தெரிந்தது. துகளில் தொற்றியிருக்கும் ஏப்போ எல்1 என்ற புரதம் ஒட்டுண்ணிக்குள் போய்த் துளை போடுகிறது.

இதற்கு இந்தியாவில் ஒரு சாட்சி உண்டு. மகாராஷ்டிரத்தில் ஒரு விவசாயிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். ரத்தத்தில் நெளிந்தது டிரிப்பனோசோமா ஈவான்சி. மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் சர்ரா நோய் கொண்டுவரும் உயிரி. மனிதரைத் தொடாது என்று நம்பிவந்தார்கள். 2006-இல் விடை கிடைத்தது: அவருக்குப் பிறவியிலேயே ஏப்போ எல்1 கிடையாது. சுராமின் மருந்தில் குணமானார்.

✽

அதே ஏப்போ எல்1-இன் இரண்டு மாறுபாடுகள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம். தூக்க நோயிடமிருந்து கூடுதல் காப்பு தருகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் வாங்கியவர்களுக்குச் சிறுநீரக நோய் அபாயத்தையும் ஏற்றுகின்றன.

✽

எச்.டி.எல். மேல் உட்கார்ந்து வரும் இன்னொரு புரதம் பாராக்ஸனேஸ். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி உடம்பில் பாராக்ஸானாக மாறித்தான் விஷமாகிறது. அந்தப் பாராக்ஸானைச் சிதைக்கக்கூடியது இந்த நொதி. எல்.டி.எல். ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடுவதைத் தடுப்பதிலும் இதற்குப் பங்கு இருப்பதாகக் கருதுகிறார்கள்.

✽

நல்லதும் கெடும். தொற்றோ பெரிய காயமோ வந்தால் கல்லீரல் சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதத்தை வழக்கத்தைப் போல் ஆயிரம் மடங்கு வரை உற்பத்தி செய்து தள்ளும். அது எச்.டி.எல்.லில் ஏறி, ஏற்கெனவே இருந்த ஏப்போ ஏ1-ஐக் கீழே தள்ளிவிடும். அழற்சிச் செல்கள் உமிழும் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி, மிஞ்சிய ஏப்போ ஏ1-ஐயும் சேதப்படுத்தும். அழற்சியை அடக்க வேண்டிய துகள் அந்த வேலைக்கே லாயக்கற்றுப் போகிறது. சில சமயம் எதிரணியில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. சர்க்கரை நோய், முடக்குவாதம் போன்ற நாள்பட்ட அழற்சி உள்ளவர்களின் எச்.டி.எல்.லிலும் இந்தத் தடுமாற்றத்தைப் பார்த்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் வரும் எண்ணில் இது எதுவும் தெரியாது. அந்த எண் சொல்வது, துகள்களுக்குள் கொலஸ்ட்ரால் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும்தான். துகளின் வேலைத் திறனை அது அளப்பதில்லை.

✽

எலும்பு மஜ்ஜை வரைக்கும் எச்.டி.எல்.லின் கை நீள்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆலன் டால் குழு 2010-இல் ‘சயன்ஸ்’ இதழில் காட்டியது இது: கொலஸ்ட்ராலை வெளியேற்ற முடியாத எலிகளில் ரத்த ஸ்டெம் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, வெள்ளையணுக்களின் எண்ணிக்கை எகிறியது. எச்.டி.எல்.லைக் கூட்டியதும் பெருக்கம் அடங்கியது.

✽

இவ்வளவு நல்ல துகளை மாத்திரை போட்டு ஏற்றிவிட்டால் என்ன?

மருந்து உலகம் இந்தக் கேள்விக்குக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. சி.இ.டி.பி. புரதத்தைத் தடுத்தால் எச்.டி.எல். எகிறும் என்று கண்டு, ஃபைசர் நிறுவனம் டார்செட்ராபிப் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. சுமார் 15,000 பேரிடம் சோதனை. எச்.டி.எல். 72 விழுக்காடு ஏறியது. எல்.டி.எல். கூட 25 விழுக்காடு இறங்கியது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் கொண்டாட வேண்டிய மருந்து. நிறுவனமும் 2006 நவம்பர் கடைசியில் முதலீட்டாளர்களிடம் அப்படித்தான் பேசியது. டிசம்பர் 2-ஆம் தேதி சோதனை நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்களில் 82 பேர் இறந்திருந்தார்கள், எடுக்காதவர்களில் 51 பேர். ரத்த அழுத்தத்தையும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனையும் அது ஏற்றிவிட்டது பின்னால் தெரிந்தது. அடுத்து வந்த டால்செட்ராபிப், இவாசெட்ராபிப் இரண்டும் ஆளைக் கொல்லவில்லை, காப்பாற்றவுமில்லை. அனாசெட்ராபிப் மட்டும் 2017-இல் சிறிய பலனைக் காட்டியது. அதுவும் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைத்ததால்தான் என்பது பலரின் கணிப்பு. நயாசின் மாத்திரையும் இரண்டு பெரிய சோதனைகளில் கைவிரித்தது.

மரபணு ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னது. பிறவியிலேயே எச்.டி.எல். கூடுதலாக அமையும் ஒரு மரபணு மாறுபாடு உள்ளவர்களை 2012-இல் ‘லான்செட்’ ஆய்வு அலசியது. அவர்களுக்கு மாரடைப்பு ஒன்றும் குறைவாக வரவில்லை.

✽

இதற்கு நேர் எதிரான ஊர் ஒன்று இத்தாலியில் இருக்கிறது. கார்டா ஏரிக்கரையில் லிமோனே. மலைக்கும் ஏரிக்கும் இடையில் ஒடுங்கிய கிராமம். 1930-கள் வரை படகில்தான் சுலபமாகப் போக முடியும். 1970-களில் அந்த ஊர்க்காரர் ஒருவரின் ரத்தத்தை மிலானில் சோதித்த மருத்துவர்கள் குழம்பிப் போனார்கள். டிரிகிளிசரைடு அதிகம், எச்.டி.எல். பாதாளத்தில். ஆனால் ரத்தக்குழாய்கள் சுத்தமாக இருந்தன. சேசரே சிர்டோரி குழு ஊர் முழுக்க ரத்தம் எடுத்தது. ஆயிரம் பேர் கொண்ட ஊரில் சுமார் 40 பேருக்கு அதே வினோதம். எல்லோரும் ஒரே மூதாதை வழி வந்தவர்கள். ஏப்போ ஏ1 புரதத்தில் 173-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது.

அந்த மாறிய புரதத்தைச் செயற்கையாகச் செய்து, மாரடைப்புப் பாதிப்பில் வந்தவர்களுக்கு வாரம் ஒன்றாக ஐந்து முறை ஏற்றிய சிறு சோதனை 2003-இல் வந்தது. படிவு சுமார் 4 விழுக்காடு சுருங்கியதும் பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன. பெரிய எதிர்பார்ப்போடு மீண்டும் செய்த சோதனை 2016-இல் வெறுங்கையோடு திரும்பியது.

✽

எச்.டி.எல். எவ்வளவு கூடினாலும் நல்லதா? இல்லை. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2017-இல் வந்தது. ஆண்களில் 73, பெண்களில் 93 மில்லிகிராமுக்கு அருகில் இருந்தவர்களிடம் இறப்பு மிகக் குறைவு. 116-ஐத் தாண்டிய ஆண்களிடம் அதைப் போல் இரு மடங்கு. அடுத்த ஆண்டு அதே குழு இன்னொன்றையும் சொன்னது: தொற்று நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் எச்.டி.எல். மிகக் குறைந்தவர்களும் மிகக் கூடியவர்களும் அதிகம் இருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். ‘எனக்கு எச்.டி.எல். நூறு’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் நண்பர் யாராவது இருந்தால் இதைக் காட்டலாம்.

✽

எச்.டி.எல். எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, ஒருவரின் ரத்தத் தெளிநீர் மேக்ரோஃபேஜிலிருந்து எவ்வளவு கொலஸ்ட்ராலை வாங்கும் என்று அளந்தால்? 2014-இல் டாலஸ் நகர ஆய்வு அப்படி அளந்தது. வாங்கும் திறன் கூடியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைவு, எச்.டி.எல். எண் எதுவாக இருந்தாலும். வளர்ப்புச் செல்களை வைத்துச் செய்யும் சோதனை என்பதால் தெருமுனை லேபில் கிடைக்காது.

✽

கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கினால் இதயம் பிழைக்குமா? இதைச் சோதிக்க மாரடைப்பு வந்த 10,061 பேருக்குக் கனாகினுமாப் ஊசி போட்டார்கள். இன்டர்லூக்கின் 1 பீட்டாவை மட்டும் மடக்கும் மருந்து. 2017-இல் முடிவு வந்தது: கெட்ட கொலஸ்ட்ரால் இருந்த இடத்திலேயே இருக்க, 150 மில்லிகிராம் ஊசி போட்டவர்களிடம் மறு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்று சற்றே கூடியது. விலையோ எட்டாத உயரம். ஆனாலும் அழற்சிக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு மனிதரில் நிரூபணமானது.

✽

விலை குறைந்த மாற்று நம்மூர்த் தோட்டத்திலேயே பூக்கிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தள். விவசாயிகள் வாயில் கண்வலிக்கிழங்கு, ஈழத்தில் கார்த்திகைப்பூ. திண்டுக்கல், திருப்பூர், கரூர் வட்டாரங்களில், குறிப்பாக மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தலில் ஏற்றிப் பயிரிடுகிறார்கள். மகரந்தம் தானாகச் சேராது என்பதால் பூப்பூவாகக் கையால் தொட்டுச் சேர்க்கும் வேலையும் உண்டு. காயை உலர்த்தி எடுக்கும் விதையில் கோல்ச்சிசின் இருக்கிறது. வெளிநாட்டு மருந்து நிறுவனங்கள் வாங்குவது அதற்காகத்தான்.

காலங்காலமாகக் கவுட்டுக்குக் கொடுத்துவந்த மருந்து அது. படிகம் தூண்டும் அதே என்.எல்.ஆர்.பி.3 அமைப்பு சேர்ந்து கூடாமல் தடுக்கிறது. தினம் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில், 2020-இல் வெளியான 5,522 பேர் ஆய்வில் இதய நிகழ்வுகள் 31 விழுக்காடு குறைந்தன. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஜூனில் இதய நோய்க்காக அனுமதி கொடுத்தது. மறு ஆண்டே, மாரடைப்பு வந்த கையோடு கொடுத்துப் பார்த்த ஏழாயிரம் பேர் சோதனையில் பலன் இல்லை என்று வந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. கிழங்கைத் தோண்டி வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். கிழங்கும் விதையும் கொடிய விஷம், உயிரே போய்விடும்.

✽

தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் நான்கிலும் நடந்த ஐ.சி.எம்.ஆர். இந்தியாப் ஆய்வு 2014-இல் சொன்ன கணக்கு: எச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் 72.3 விழுக்காடு. எல்.டி.எல். கூடுதலாக இருந்தவர்கள் 11.8 விழுக்காடுதான். ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஒருங்கிணைத்த ஆய்வு அது.

✽

புகை பிடித்தால் எச்.டி.எல். இறங்கும், விட்டால் ஏறும். வேர்க்க நடந்தால் சற்று ஏறும். வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்கும் என்று 1990-இல் நெதர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அதற்கு 2 விழுக்காடு உச்சவரம்பு வந்தது 2022 ஜனவரியில். முப்பத்திரண்டு வருஷம்!

✽

காய்ச்சலில் படுத்து எழுந்த கையோடு லிப்பிட் ப்ரொஃபைல் எடுக்கக் கிளம்பாதீர்கள். எச்.டி.எல்., எல்.டி.எல். இரண்டும் அப்போது தாழ்ந்து காட்டும். சில வாரம் பொறுத்து எடுங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலும் எச்.டி.எல்.லும் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் வெறும் வயிறுகூடத் தேவையில்லை. சாப்பிட்ட பிறகு ஏறி ஏமாற்றுவது டிரிகிளிசரைடுதான். இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்.